ஒரு நாளைக்கு இருபத்தைந்து சொற்கள்

மார்ச் 4

இத்தனை வருடம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதிவந்தேன். பதினோரு டைரிகள் பீரோவில் கிடக்கின்றன. எழுந்தேன், அலுவலகம் போனேன், திரும்பினேன், மழை பெய்தது என்று நாலு வாக்கியத்தில் நாள் முடிந்துவிடும். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இன்று கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டியிருப்பதால் தமிழ்.

எப்சிக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. எப்சிபா என் மனைவி. இங்கே திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினாலு வருடமாக நர்ஸ். போன வாரம் கம்ப்யூட்டரில் நேர்காணல் நடந்தது. இன்று கடிதம் வந்துவிட்டது. அல்வாவும் கையுமாக வந்து நின்றாள். ஒரே ஒரு நிபந்தனை. நர்ஸ்களுக்கென்று இருக்கும் ஆங்கிலத் தேர்வில் ஜூலைக்குள் தேறிக் காட்ட வேண்டும். கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் என்று நாலு பகுதி. எழுதுவது என்றால் கதை கட்டுரை அல்ல. ஒரு நோயாளியின் விவரத்தைக் கொடுத்துவிடுவார்கள், அவரை அடுத்த டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒப்படைத்துக் கடிதம் எழுத வேண்டும்.

"எழுதுறது மட்டுந்தான் பயமா இருக்கு. ஆனா நீங்க இருக்கும்போது எனக்கென்ன?" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் சர்ச் கமிட்டியின் மினிட்ஸ் என் கையால்தான் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. தெருவில் யாருக்கு டிரான்ஸ்பர் வேண்டுமானாலும் விண்ணப்பம் எழுத என்னிடம்தான் வருவார்கள். எனக்குத் தெருவில் பெயரே இங்கிலீஷ் ஆசீர்தான். கல்லூரி நாளிலிருந்து நான் சேர்த்துவைத்த கடினச் சொற்கள் ஆயிரத்துக்கு மேல் ஒரு நீல நோட்டில் இருக்கின்றன. அந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்தேன்.

மார்ச் 6

காலை ஐந்தரை முதல் ஆறரை வரை என்று முடிவாயிற்று. அவளுக்கு ஏழு மணி டூட்டி. அந்த ஒரு மணி நேரம்தான் இரண்டு பேருக்கும் ஒத்துவருகிறது. சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் நோட்டு தலைகீழாகத் தெரிகிறது என்று நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

முதல் நாள் பத்துச் சொற்கள். மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்து பழகிய தலை. மேக்னானிமஸ், பெருந்தன்மையான. அமீலியரேட், சீர்ப்படுத்து. யுபிக்விட்டஸ், எங்கும் நிறைந்த. இரண்டு தரம் சொன்னால் மூன்றாம் தரம் ஒப்பிக்கிறாள். எனக்கு இதில் சில சொற்கள் பிடிபட ஒரு மாதம் ஆனது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"இதயெல்லாம் எங்க போயி சொல்லுறதுக்குங்க?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சு வச்சுக்கோ. தன்னால வரும்" என்றேன்.

மார்ச் 19

எங்கள் மகள் பெனிட்டாவுக்குப் பத்து வயது. நாங்கள் படிப்பதைப் படுத்துக்கொண்டே காதில் வாங்கியிருக்கிறாள். காலையில் சமையலறையிலிருந்து ஒரு சத்தம்: "அம்மா, சீனி டப்பால எறும்பு யுபிக்விட்டஸா இருக்கு!" எப்சி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். காலை வேளையில் இந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை காலமாயிற்று என்று தெரியவில்லை. பொதுவாக அந்நேரம் நான் செய்தித்தாளும் அவள் அடுப்புமாக இருப்போம்.

ஏப்ரல் 2

முதல் பயிற்சிக் கடிதம். எண்பத்திரண்டு வயது நோயாளி, தனியாக வசிக்கிறார், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது, வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். எப்சி இதை இந்த அளவுக்கே, நான் மேலே எழுதின மாதிரியே எழுதிவைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற ஆங்கிலம்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். எண்பத்திரண்டு வயது என்பதை அடித்துவிட்டு ஆக்டோஜெனேரியன் என்று போட்டேன். தனியாக என்ற இடத்தில் சாலிட்டரி. கடைசியில் ஒரு நீளமான வாக்கியத்தில் மேக்னானிமஸைக்கூட நுழைத்துவிட்டேன். கடிதத்துக்கு ஒரு களை வந்தது.

"வார்டுல நாங்க இப்படி எழுத மாட்டோம்லா" என்றாள்.

"வார்டு இங்கிலீஷ் வார்டுக்குத்தான். பரீட்சை திருத்துறவன் வெள்ளைக்காரன். அவன அசத்த வேண்டாமா?"

தலையாட்டினாள். எழுதின கடிதத்தைத் திரும்ப எழுதச் சொன்னேன். எழுதினாள்.

ஏப்ரல் 23

ஆராதனை முடிந்து கமிட்டி. சர்ச் சுவருக்குச் சுண்ணாம்பா பெயின்ட்டா என்று ஒன்றரை மணி நேரம். முடிந்து வெளியே வரும்போது பொருளாளர் செல்வின் எல்லார் முன்னாலும் கேட்டார்: "எப்சி அயர்லாந்து போறாளாமே. நீரு அங்க போயி என்ன செய்யப் போறீரு? சமைச்சுப் போடப் போறீரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அங்க உள்ளவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுப்பேன் வே" என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

வெயில் அதிகம். மாலையில் தலைவலி.

மே 14

எப்சி டூட்டிக்குப் போகும்போது செல்போனைச் சார்ஜில் மறந்துவிட்டாள். பத்து மணிக்குச் சுகிர்தா கூப்பிட்டாள். எப்சியோடு நர்சிங் படித்தவள், போன வருடம் அயர்லாந்து போனவள். நான் எடுத்துப் பேசினேன். அங்கே ஒரே குளிர், மழை என்றாள். விசேஷமாக ஒன்றும் இல்லை.

எப்சி வந்ததும் சுகிர்தா விசாரித்ததாகச் சொன்னேன்.

மே 15

இன்றுமுதல் ஒரு நாளைக்கு இருபத்தைந்து சொற்கள்.

மே 29

எப்சிக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. பேருந்தில் நோட்டைப் பிரித்துப் படிக்கிறாளாம். நோயாளிக்கு ஊசி போடும்போதுகூட வாய் முணுமுணுக்கிறது என்று கூட வேலைபார்ப்பவர்கள் கிண்டல் செய்கிறார்களாம். "சிஸ்டர் செபம் பண்ணுதாங்கன்னு ஒரு தாத்தா கையக் கூப்பினாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் பெரியவர் கும்பிட்ட சமயத்தில் அவள் படித்துக்கொண்டிருந்த சொல் எது என்று கேட்டேன். ப்ரோக்ராஸ்டினேட். தள்ளிப்போடுதல்.

ஜூன் 8

திருவனந்தபுரத்தில் பரீட்சை. நான் வாசலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எப்சி வெளியே வந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது. ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். வெளியிடத்தில் அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை.

"ஏங்க, பத்தொம்பது வார்த்த போட்டேன்! எண்ணிப் பாத்தேன், பத்தொம்பது. ஆக்டோஜெனேரியன் கூட வந்துச்சு!"

டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். அவள் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டாள். எனக்குப் பசியில்லை.

ஜூன் 26

முடிவு வந்தது. கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் தேறிவிட்டாள். எழுதுவதில் போய்விட்டது. கொஞ்சத்தில் அல்ல, நன்றாகவே போய்விட்டது.

குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வாளி நிரம்பித் தண்ணீர் வழிந்து போகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. பெனிட்டா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். "மன்னிச்சிருங்க. இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுத்தீங்க. எம்மண்டைல ஏறல்ல" என்றாள்.

பரவாயில்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.

ஜூன் 28

அயர்லாந்து மருத்துவமனைக்கு எப்சியே கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறாள். அக்டோபர் கடைசி வரை பொறுப்பார்களாம். அதற்குள் தேறாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அடுத்த பரீட்சை செப்டம்பர் 14. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

ஜூலை 5

இன்று நான் வேலைபார்க்கும் கல்லூரி அலுவலகத்துக்கு விடுமுறை போட்டேன். எப்சி டூட்டியில், பெனிட்டா பள்ளிக்கூடத்தில். இந்தப் பக்கத்தை எழுதவே வீட்டில் இருக்கிறேன்.

மே 14 அன்று விசேஷமாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். யாரும் படிக்காத நோட்டில் யாருக்காகப் பொய் எழுதினேன் என்று தெரியவில்லை.

சுகிர்தா அன்று சொன்னது எனக்கு ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் நினைவிருக்கிறது. "அண்ணே, நாளைலருந்து எனக்குத் தொடர்ந்து நைட் டூட்டி. எப்சிட்ட மறக்காம நீங்க சொல்லிருங்க. லெட்டர்ல பெரிய பெரிய வார்த்த வேண்டவே வேண்டாம். அடுத்த நர்ஸு வாசிச்ச ஒடனே வெளங்கணும், அம்புட்டுத்தான் அவங்க பாக்காங்க. நான் மொதத் தடவ ஃபெயிலானதே அதுலதான். வார்டுல எழுதுற மாதிரியே எழுதச் சொல்லுங்க, அவளுக்கு அது தண்ணி பட்ட பாடு."

சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். அதன் பிறகு அன்று மாலை அவள் வந்தபோது சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை சொல்லியிருக்கலாம். பரீட்சைக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. நான் பத்துச் சொல்லை இருபத்தைந்தாக்கினேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருடம் சேர்த்த நோட்டை ஒரு பெண் ஒரு நிமிடத்தில் குப்பை என்கிறாளே என்று. ஆனால் கோபம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. கோபம் இரண்டு நாளில் போய்விட்டது. மிச்ச இருபத்து மூன்று நாளும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு.

இருபத்து நாலு வயதில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி நேர்காணலுக்குப் போனேன். எனக்கு அப்போதே அறுநூறு கடினச் சொற்கள் தெரியும். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். என் அப்பா தபால்காரர், நாங்கள் நாலு பிள்ளைகள், இதைச் சொன்னால் போதும். ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. அவர்கள் நல்லவர்கள்தான். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் தமிழிலேயே சொல்லுங்க தம்பி என்றார். தமிழிலும் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். ஆங்கிலம் கேட்கிற இடத்துக்கு அதற்கப்புறம் நான் போகவே இல்லை. எழுதுவதோடு சரி. எழுதினால் யாரும் எதிரே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அயர்லாந்தில் ஒரு கடையில் போய்ப் பால் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் ஏதாவது கேட்பான். எப்சி பதில் சொல்வாள். பெனிட்டா ஆறு மாதத்தில் அவர்களைப் போலவே பேசுவாள். இங்கிலீஷ் ஆசீர் பின்னால் பை தூக்கிக்கொண்டு நிற்பார். செல்வின் சமையல் என்று சொன்னாரே, அது எனக்குப் பெரிதில்லை. சமைப்பேன். வாய் திறக்க முடியாமல் அவள் முன்னால் நிற்பதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதற்காக அவளைத் தோற்கடித்தேன். வேண்டுமென்றே செய்யவில்லை என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை.

இன்று அவள் வந்ததும் சொல்லிவிடுவேன்.

ஜூலை 6

சொல்லவில்லை. பெனிட்டாவுக்குக் காய்ச்சல்.

ஜூலை 11

காய்ச்சல் விட்டுவிட்டது. எப்சி பழையபடி ஐந்தரைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் கேட்டேன், இன்னும் சொற்கள் வேண்டுமா என்று. "ஏன், நோட்டுல தீந்துருச்சா?" என்றாள். தீரவில்லை. நானூறு மிச்சம் இருக்கிறது.

டூப்ளிசிட்டி என்ற சொல் வரும் பக்கத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன். "ஒரு பக்கம் விட்டுட்டீங்களே" என்று அவளே திருப்பினாள். என்ன அர்த்தம் என்று கேட்டாள். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவது என்றேன். எழுதிக்கொண்டாள்.

ஜூலை 30

எண்ணெய்ச் செலவு, மின்கட்டணம் என்று வழக்கமான ஞாயிறு. மீன் வாங்கினேன். நல்ல மீன்.

ஆகஸ்ட் 9

பயிற்சிக் கடிதங்களை இப்போது என்னிடம் காட்டுவதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மருத்துவமனையிலேயே எழுதிப் பார்த்துக்கொள்கிறாளாம். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? வார்த்த மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்" என்றாள். எனக்கும் ஒரு வகையில் நிம்மதிதான். சிவப்புப் பேனாவைத் தொட இப்போது கை வருவதில்லை.

சொற்களைப் படிக்கும்போது முன்போல அவசரப்படுவதில்லை. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் பேச்சு வேறெங்கோ போகிறது. இன்று நாஸ்டால்ஜியா, பழைய நாள் ஏக்கம் என்பதில் ஆரம்பித்து, கல்யாணத்தன்று என் சட்டைப் பித்தான் அறுந்ததையும் அவளுடைய அண்ணன் வாசலில் நின்றே தைத்துக் கொடுத்ததையும் பேசிக்கொண்டிருந்தோம். ஊசி குத்தினதில் நான் கத்தினேனாம், போதகர் திரும்பிப் பார்த்தாராம். எனக்கு நினைவே இல்லை. அவள் நடித்துக் காட்டினாள். இருபத்தைந்து சொல்லில் மூன்றுதான் ஆயிற்று.

இந்த மாதிரி நேரத்தில் எப்படிச் சொல்வது? சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 27

மினிட்ஸ் எழுதினேன். ரெசல்யூஷன் ஏகமனதாக நிறைவேறியது. சர்ச் சுவருக்குப் பெயின்ட்தான்.

செப்டம்பர் 13

திருவனந்தபுரம் போகும் ரயிலில் எதிரெதிர் சன்னல் கிடைத்தது. நாளைக்குப் பரீட்சை. இதைவிட்டால் நேரமில்லை. நாகர்கோவில் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"எப்சி, ஒரு விசயம்."

"சொல்லுங்க."

அவள் பக்கத்தில் ஒரு குடும்பம் நேந்திரம் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தது. குழந்தை ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரணியல் ஸ்டேஷன் வந்து போயிற்று.

"இல்ல, லெட்டர் எழுதும்போது... கொஞ்சம் எளிமையாவே எழுதேன். பெரிய வார்த்தயெல்லாம் ரொம்ப வேண்டாம்னு தோணுது."

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. இன்னும் ஏதாவது சொல்வேனா என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"சரிங்க" என்றாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எப்படியோ சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

செப்டம்பர் 14

பரீட்சை முடிந்தது. எத்தனை சொல் போட்டாய் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. டீ குடித்தோம்.

செப்டம்பர் 17

பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று காலையில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு எப்சி வந்து காலைத் தட்டினாள். "எந்திரிங்க. டீ ஆறுது." நோட்டு மேசையில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஃபெயிலானால் மறுபடி வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பாள். பாவம்.

அக்டோபர் 3

தேறிவிட்டாள். எழுதுவதில்தான் நாலிலும் அதிக மதிப்பெண்.

பெனிட்டா கட்டிலில் ஏறிக் குதித்தாள். எப்சி அழவில்லை. முடிவு வந்த தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டு அரிசி களைந்து உலை வைத்தாள். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இதை எழுதி வைக்க வேண்டும். எத்தனையோ பயத்துக்கு நடுவிலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் தோற்றிருந்தால் நான் எப்படி அவள் முகத்தில் விழித்திருப்பேன்?

அக்டோபர் 8

ஆராதனையில் நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பட்டியலில் எப்சி பெயர் வாசிக்கப்பட்டது. வெளியே வந்ததும் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். செல்வின் என் முதுகில் தட்டினார். "என்ன இருந்தாலும் கோச்சிங் யாரு? நம்ம இங்கிலீஷ் ஆசீர்லா!"

நான் சிரித்துவைத்தேன். எப்சி பக்கத்தில் நின்றாள்.

"ஆமா, அவங்கதான் தினமும் காலைல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். மூச்சுக்குக்கூட நிறுத்தாமல், தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

கால் தரையில் நிற்கவில்லை எனக்கு. பெருமையினால் அல்ல.

அக்டோபர் 9

இன்று மாலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பெனிட்டா டியூஷன் போயிருந்தாள். எப்சி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் நின்று, மே 14 அன்று சுகிர்தா பேசியது, நான் மறைத்தது, இருபத்தைந்தாக்கியது, கப்பல் கம்பெனி, எல்லாம் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"ரிசல்ட்டு வந்த மூணாம் நாளே சுகிர்தா போன் பண்ணினா. 'அண்ணன்ட்ட அன்னைக்கே சொன்னேனே, சொல்லலியா'ன்னு கேட்டா. 'சொன்னாங்க, நாந்தான் கேக்கல'ன்னு சொல்லிட்டேன்."

ஜூன் கடைசி. அப்படியானால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். டூப்ளிசிட்டி பக்கத்தைத் திருப்பியபோது தெரியும். ரயிலில் என்னைப் பார்த்தபோது தெரியும். நேற்று சர்ச் வாசலில் தெரியும்.

"பெறகு ஏன் தினமும் எந்திரிச்சு வந்த? அந்த வார்த்தயெல்லாம் உபயோகமில்லன்னு தெரிஞ்சும்?"

பெனிட்டாவின் பள்ளிச் சட்டையை மடித்து, கழுத்துப்பட்டையை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"நமக்குக் கல்யாணமாகி பதிமூணு வருசம். நீங்க எனக்குன்னு ஒரு மணி நேரம் எம்பக்கத்துல உக்காந்தது இந்த மார்ச்சு மாசத்துக்குப் பெறகுதான். வார்த்தைக்கா வந்தேன்? உங்கள நெனச்சாக் கோவமா வரும். விடிஞ்சா வந்து உக்காந்துருவேன். நீங்களே ஒரு நாளு சொல்லிருவீங்க, சொன்ன பெறகும் இப்படியே உக்காந்திருக்கலாம்னு நெனச்சேன்."

"இப்ப சொல்லிட்டேன்ல எப்சி."

"ஆமா. பாஸான பெறகு சொன்னீங்க."

துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பீரோவில் அடுக்கினாள். திரும்பி வந்தபோது அவள் குரல் சாதாரணமாக இருந்தது. ஜனவரியில் அவள் மட்டும் போகிறாள். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் பெனிட்டா.

"நீங்க வாரதப் பத்தி நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க. நான் கூப்பிடவும் மாட்டேன், வராதீங்கன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

வருகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். என் பதிலுக்குக் காத்துக்கொண்டு அவள் கதவருகே நின்றது எனக்குத் தெரிந்தது. அந்த மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அறையில் நின்ற மாதிரியே நின்றேன். தமிழிலும் வரவில்லை.

அக்டோபர் 10

ஐந்து மணிக்கே எழுந்து டீ போட்டேன். இரண்டு டம்ளர். மேசையைத் துடைத்தேன். அவள் நாற்காலியை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். நோட்டை எடுக்கவில்லை. அது வேண்டாம். வந்ததும் சொல்வதற்கு, நேற்று வராத பதிலை ஒரே ஒரு வாக்கியமாக வைத்திருந்தேன், சின்ன வாக்கியம், பெனிட்டாவுக்குக்கூடப் புரியும்.

ஐந்தரை ஆயிற்று. அறைக்குள் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு மணிக்கு அவளுடைய டீயை மறுபடி சுட வைத்தேன்.

ஆறரைக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நன்றாகத் தூங்கியிருந்த முகம். மார்ச்சுக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள். இரண்டு நாற்காலியையும் பார்த்தாள்.

"இனிமே எனக்காக இவ்வளவு சீக்கிரம் எந்திரிக்க வேண்டாங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

டீயை எடுத்துக்கொண்டு, நின்றபடியே குடித்துவிட்டு, டூட்டிக்குக் கிளம்பினாள்.